குற்றம் கார்புரேட்டரிலா?



இத்திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றியது. எழுதியவர் ஒரு சகோதரி. கணவர் இறைவனடி சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 1989ஆம் ஆண்டில் அவர் வாங்கிய 350 சி.சி. புல்லட் வண்டி, அன்றிலிருந்து வீட்டையொட்டிய கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்றது. இப்பொழுது மகன் படிப்பை முடித்து வேலைக்குச் செல்கிறான். தந்தையின் வண்டியிலேயே செல்ல வேண்டும் என்பது அவனது ஆசை. உதைத்தால் வண்டி கிளம்புகிறது. ஆனால் ரேஸ் கொடுக்காவிட்டால் அணைந்து போகிறது. பாதி வேகத்தில் திக்குகிறது. கைப்பிடியைத் தளர்த்தினால் சைலன்சரில் பட்டாசு வெடிக்கிறது. முதல் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், குணமில்லை. இரண்டாமவர் கார்புரேட்டர் போய்விட்டது என்று புதிது வாங்கிப் பொருத்தினார், அப்பொழுதும் குணமில்லை. மூன்றாமவர், பழைய இரும்பு விலைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாராம். “விற்றுவிடலாம் என்றேன், அன்று முதல் மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது?” என்று மடலை முடித்திருக்கிறார்.

விற்க வேண்டாம், சகோதரி. பழைய இரும்பு என்று சொல்கிறவரே அதை ஆவலோடு எடுத்துக்கொள்ள முன்வருவது ஏன் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட அப்பழைய புல்லட்டுகளுக்கு இன்று நல்ல கிராக்கி உண்டு.

இனி நோயைப் பார்ப்போம். உங்கள் மடலிலேயே ஒரு பெரிய தடயம் இருக்கிறது. புதிய கார்புரேட்டர் போட்ட பின்னும் அதே அணைதல், அதே திக்கல், அதே வெடிச் சத்தம் என்கிறீர்கள். அப்படியானால் குற்றம் பெரும்பாலும் கார்புரேட்டரில் இல்லை. செலவு வீணாயிற்றே என்று வருந்த வேண்டா. மெக்கானிக் அறியாமலேயே ஒரு நல்ல சோதனையைச் செய்து கொடுத்திருக்கிறார்.

கார்புரேட்டரின் மேல் எல்லாரும் பழி போடுவதற்குக் காரணம், அதன் வேலை பலருக்கு விளங்காமையே. அது செய்வது ஒன்றுதான்: என்ஜின் உறிஞ்சும் காற்றில் பெட்ரோலைப் பனிபோல் தூவி, எரியத்தக்க அளவில் கலந்து அனுப்புவது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். நடுவில் ஒடுங்கிய ஒரு குழாய்வழியே காற்று விரையும்போது அவ்வொடுக்கத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. அப்போது கீழேயுள்ள கிண்ணத்துப் பெட்ரோல் மெல்லிய துளைகளின் வழியே மேலேறி வந்து காற்றோடு கலக்கிறது. இந்த ஒடுங்கிய குழாய்க்கு வெஞ்சூரி என்று பெயர். பெயருக்கு உரியவர் இத்தாலி நாட்டு இயற்பியல் அறிஞர் ஜொவான்னி பத்தீஸ்தா வெஞ்சூரி (1746–1822). அவர் 1769இல் குருப்பட்டம் பெற்றவர். பாய்பொருள்களின் ஓட்டத்தைப் பற்றிய தம் ஆய்வை 1797இல் பாரிஸ் நகரில் நூலாக வெளியிட்டார். புல்லட்டின் தொண்டையில் ஒரு குருவானவரின் பெயர் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இக்கருவியில் அசையும் உறுப்புகள் மிகச் சில. பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டும் அதன் ஊசியும், காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடும், ஸ்லைடில் தொங்கும் நீடிலும் ஆகியவையே அவை. இவற்றில் அழுக்கு அடைக்கலாம். நெடுநாளில் தேய்மானம் காணலாம். நேற்று வரை ஒழுங்காய் ஓடிய கார்புரேட்டர் இன்று திடீரென்று “போய்விடுவது” அரிது.

ஆகவே தம்பி, ஸ்பேனரை எடுக்குமுன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள். எப்பொழுது திக்குகிறது? குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னா? மெல்ல ஓடும்போதா, பாதி வேகத்திலா, முழுவேகத்திலா? சோக்கைச் சற்று இழுத்தால் நன்றாகிறதா, மோசமாகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி பொன்னானது. சோக் இழுத்ததும் ஓட்டம் தெளிந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மேலும் அமுங்கிப் போனால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. விடைகளை எழுதி வை. அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியதையும் எழுது. மூன்றை ஒருசேர மாற்றினால், குணமானாலும் எதனால் குணமாயிற்று என்று தெரியாது. நீ கருவியைப் பிடிக்க, அம்மா குறிப்பேட்டைப் பிடிக்கலாமே.

முதலில் பெட்ரோல். ஆறாண்டு நின்ற வண்டியின் டேங்கில் பழைய பெட்ரோல் கிடந்திருந்தால் அது வார்னிஷ் மணம் வீசும், பிசினாகத் திரிந்திருக்கும். அதன்மேல் புதிய பெட்ரோலை ஊற்றுவது புளித்த மாவில் புது மாவைக் கரைப்பது போன்றதே. முழுவதையும் வடித்துவிடுக. வடிக்கும்போது ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் வேறோர் அடுக்காக நீர் பிரிந்து நின்றாலோ, செந்நிறத் துருத்தூள் படிந்தாலோ, டேங்கைக் கழுவித் துரு நீக்காமல் வேறு எதைத் தொட்டும் பயனில்லை. கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அத்துரு மறுநாள் மீண்டும் வந்து அடைக்கும். முதல் மெக்கானிக் கழுவியது பலிக்காததற்கு இதுவே காரணமாயிருக்கக் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வேலைகளை வீட்டிற்குள்ளோ மூடிய கொட்டகையிலோ செய்தல் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, பல அடி தள்ளியுள்ள அடுப்பையோ விளக்கையோ எட்டிப் பிடிக்கும். திறந்த வெளியில், சமையல் நேரமல்லாத வேளையில், அருகில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு செய்க. ஓடுகின்ற என்ஜினைக் கொட்டகைக்குள் வைத்துச் சோதிப்பதும் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மனிதரை உறக்கத்தில் ஆழ்த்திக் கொன்றுவிடும்.

டேங்க் தூய்மையான பின் பெட்ரோல் ஒழுங்காக இறங்குகிறதா என்று காண்க. கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றிப் புட்டியில் விட்டுத் திறந்தால், இடையறாத தாரையாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் திறப்புக் குழாயின் வடிகட்டி அடைத்திருக்கிறது. டேங்க் மூடியில் காற்றுப் புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் இரண்டொரு கிலோமீட்டர் ஓடிய வண்டி மூச்சுத்திணறி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். காசில்லாமல் தீரும் இந்நோய்க்குக் கார்புரேட்டரை மாற்றியவர்களும் உண்டு. அவ்வாறே ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். ஆறாண்டு சும்மா நின்ற வண்டி குளவிக்கும் எலிக்கும் நல்ல இல்லம்.

பெட்ரோலைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989இல் இவ்வண்டி திருவொற்றியூர்த் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த பெட்ரோல் வேறு, இன்றைய பெட்ரோல் வேறு. நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2022இல் 10 விழுக்காட்டையும், 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டிற்று. எத்தனால் எரிய அதன் எடையைப் போல் ஏறத்தாழ 9 பங்கு காற்றே போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்குக் கணக்குப் பார்த்தால் 13.5 பங்கு வருகிறது. கார்புரேட்டரின் துளைகளோ 14.7 பங்குக்கென்று அளந்து இடப்பட்டவை. எனவே வேறு பழுது ஒன்றும் இல்லாவிடினும் கலவை சற்று மெலிந்தே நிற்கும். புதிய வண்டிகளில் மின்னணுக் கருவி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய புல்லட்டுக்கு அந்த வசதி இல்லை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் ஊறச்செய்து இளக்கும். பெட்ரோல் குழாயை விரலால் அழுத்தும்போது பிசுபிசுத்தாலும் வெடிப்புக் கண்டாலும் உடனே மாற்றிவிடுக. ஒழுகும் குழாய்க்குக் கீழே சூடான என்ஜின் இருக்கிறது.

அடுத்தது தீப்பொறி. நம் அனுபவத்தில், கார்புரேட்டர் நோய் என்று வரும் வண்டிகளுள் பாதிக்கு மேல் உண்மையில் மின்சார நோயுற்றவை. பிளக்கைக் கழற்றிப் பார்க்க. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய் பளபளத்தால் பிஸ்டன் ரிங் வழியே ஆயில் ஏறுகிறது. வெள்ளை வெளேரென்றிருந்தால் கலவை மெலிவு. பிஸ்கட் நிறமே நன்னிறம் என்று பழைய கையேடுகள் கூறும். அவை ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. ஈயம் 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நீக்கப்பட்டது. இன்றைய பெட்ரோலில் பிளக் முன்போல் நிறம் காட்டுவதில்லை. ஆதலின் நிறத்தை ஒரு சாட்சியாகக் கொள்க. தீர்ப்பாகக் கொள்ள வேண்டா. பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

என்ஜினின் வலப்புறத்துச் சிறு மூடிக்குள் இருக்கும் பாயின்ட்டையும் பார்க்க வேண்டும். அது முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். ஆறாண்டு நின்றதில் அதன் முகங்களில் பாசிபோல் படலம் பிடித்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் ஓரிரு முறை தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். பாயின்ட் மீண்டும் மீண்டும் கருகிப் பள்ளம் விழுகிறது, வண்டி குளிர்ந்தபோது ஓடிச் சூடேறிய பின் திக்குகிறது என்றால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். அது மிகச் சிறிய விலையுள்ள பொருள். பழையதைப் பரிசோதிப்பதைவிடப் புதிது போட்டுப் பார்ப்பதே எளிது. பேட்டரி தளர்ந்திருந்தாலும் பொறி மெலியும். விளக்கைப் போட்டதும் திக்கல் மிகுகிறதா என்று கவனித்தால் இது புலப்படும்.

இனி, அம்மையார் எழுதிய சைலன்சர் வெடியும் அணைதலும் எனக்கு முக்கியமாகப் படுவது எதனால் என்று சொல்கிறேன். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் எங்கேனும் காற்றுக் கசிந்தால், அளவிட்டு அனுப்பிய கலவையில் அளவில்லாக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அப்போது ஸ்லோவில் நிற்காது. கைப்பிடியைத் தளர்த்தும்போது எரியாத கலவை சைலன்சருக்குச் சென்று அங்கே வெடிக்கும். இரண்டு நட்டுகளால் முறுக்கிப் பொருத்தும் கார்புரேட்டர்களில் இது மிகச் சாதாரணம். காற்றுக் கசிகிறதே என்று ஒருவர் பலங்கொண்ட மட்டும் முறுக்குவார், முகப்பு வளையும், இன்னும் கசியும், அடுத்தவர் இன்னும் முறுக்குவார். பழைய கேஸ்கெட்டின் மேலேயே புதிய கார்புரேட்டரை ஏற்றியிருந்தால் நோயும் உடன் ஏறியிருக்கும். என்ஜின் மெல்ல ஓடும்போது அவ்விணைப்பைச் சுற்றி இரண்டு சொட்டு மெல்லிய தையல்மிஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். ஓட்டத்தின் ஒலி மாறினால் கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோர் உளர். சூடான என்ஜின்மேல் அது தீயோடு விளையாடுவதாகும். முகப்பு வளைந்திருக்கிறதா என்பதை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து அறியலாம். சிறு வளைவாயின், கண்ணாடிமேல் பரப்பிய நுண்ணிய எமரித் தாளில் எட்டு வடிவமாகத் தேய்த்துச் சமனாக்கலாம். பிறகு புதிய கேஸ்கெட் இட்டு, இரு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக.

டேப்பெட்டையும் விட்டுவிடலாகாது. என்ஜின் முற்றும் குளிர்ந்து, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்கையில், புஷ்ராடு இரண்டும் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதும் மூடாது. கலவை கார்புரேட்டர் வழியே பின்னோக்கித் துப்பும். பார்ப்பவர் கார்புரேட்டரைக் குறைகூறுவார். புல்லட்டுக்கே உரிய டிகம்ப்ரஸர் கேபிளும் இதுபோல ஏமாற்றும்; அது சற்று இறுக்கமாய் இருந்தாலும் அதன் வால்வு மயிரிழை திறந்தே நின்று அழுத்தத்தைக் கசியவிடும். உதைக்கும் கட்டையில் ஏறி நின்றால் அது உடல் எடையைச் சிறிது நேரமேனும் தாங்க வேண்டும்.

இவையெல்லாம் சரியென்று கண்ட பின்னரே கார்புரேட்டரைத் தொடுக. பொருத்தியிருப்பது மிக்கார்ப் என்று மடலில் காண்கிறது. மெக்கானிக்கிடமிருந்து பழைய கார்புரேட்டரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அது உங்கள் பொருள். அதன் மெயின் ஜெட்டிலும் பைலட் ஜெட்டிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். புதியதன் எண்கள் அவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு வண்டிக்குரியதை மாற்றிப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சந்தையில் போலிகளும் உண்டு.

கைப்பிடியின் எந்த நிலையில் நோய் தோன்றுகிறது என்பதே எந்தத் துளையை நோக்க வேண்டும் என்பதைக் காட்டும். முழுக்க மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டின் ஆட்சி. கால் பங்கு வரை ஸ்லைடின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்குமேல் மெயின் ஜெட். நின்றால் அணையும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பதே. பைலட் ஜெட்டின் துளை தையல் ஊசியினும் நுண்ணியது. கடையில் வாங்கிய கிளீனரில் ஊறவைத்து, காற்றுப் பம்பினால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமாய்த் தெரிய வேண்டும். கம்பியை நுழைத்துக் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் பாழ். வாயால் உறிஞ்சுவதும் ஊதுவதும் நஞ்சு. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பார்க்க; உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது மிதக்காது, கிண்ணம் பொங்கி வழியும்.

பொருத்திய பின், பக்கவாட்டிலுள்ள சிறிய காற்றுத் திருகை மெல்ல முடிய மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைக்க. என்ஜின் நன்கு சூடேறும் வரை ஓடட்டும். குளிர்ந்த என்ஜினில் செய்யும் திருத்தம் நிலைக்காது. பிறகு அத்திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டம் மிக விரைவாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துக. உள்ளே திருப்பினால் பெட்ரோல் மிகும்; வெளியே திருப்பினால் காற்று மிகும். அதன்பின் பெரிய திருகால் வேகத்தைக் குறைத்துப் புல்லட்டுக்குரிய அந்த நிதானத் தாளத்திற்குக் கொண்டுவருக. பாதி வேகத்துத் திக்கல் மட்டும் எஞ்சி, சோக் இழுத்தால் தெளிகிறதாயின், நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்குக. நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். முழுவேகத்திலும் மெலிவு தெரிந்தால், எத்தனாலை முன்னிட்டு மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம். ஒரு படிக்கு மேல் தேவைப்பட்டால் வேறெங்கோ காற்றுக் கசிகிறது என்று கொண்டு, திரும்பிச் சென்று தேடுக.

கார்புரேட்டரே உண்மையில் தீர்ந்துபோவதும் உண்டு. ஸ்லைடைக் கைவிரலால் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறது, அதன் பக்கங்களில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருக்கின்றன, ஸ்லோ ஒரு நாள் போல் மறுநாள் நிற்பதில்லை என்றால் அது தேய்மானம். எத்திருகும் அதைக் குணப்படுத்தாது. அப்பொழுது மெக்கானிக் சொன்னதே சரி. ஆனால் அதை அவர் ஸ்லைடைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

வண்டி ஒரு வாரத்திற்கு மேல் நிற்க நேர்ந்தால் பெட்ரோலை மூடிவிட்டு, கிண்ணத்திலுள்ளது தீர்ந்து என்ஜின் தானே அணையும் வரை ஓடவிடுங்கள். இன்றைய பெட்ரோலுக்கு இது மிகவும் அவசியம்.

சகோதரிக்கு இன்னும் ஒன்று. பதிவுச் சான்று மறைந்த கணவரின் பெயரிலேயே இருக்குமாயின், வாரிசு முறைப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்தல் வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும், இன்ஷூரன்சும் தேவை. இவை கைக்கு வரும் வரை தம்பியின் சோதனை ஓட்டம் தோட்டத்து வேலிக்குள்ளேயே நடக்கட்டும்.